முதலில் தேதி, அடுத்து இடம், அப்புறம்தான் செடி: தோட்டப் படங்களை அடுக்கிய அனுபவம்

தோட்டம் வைத்திருப்பவர் போனில் செடிப் படங்களுக்குப் பஞ்சமே இருக்காது. தண்ணீர் ஊற்றப் போனால் நான்கு, புது மொட்டு கண்ணில் பட்டால் பத்து, இலையில் புள்ளி விழுந்தால் யாரிடமாவது காட்டிக் கேட்க இன்னும் மூன்று. சில வருடங்களில் இது பல ஆயிரமாகிவிடும். என்னுடையதும் அப்படித்தான் சேர்ந்தது. இரண்டு போன்கள், ஒரு பழைய டிஜிட்டல் கேமரா, செய்திச் செயலியில் நண்பர்கள் அனுப்பியவை, கிளவுடிலிருந்து இறக்கியவை என்று நாலா பக்கமும் சிதறிக் கிடந்தவற்றை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, தேடினால் கிடைக்கும்படி செய்த வேலையின் பதிவு இது. பயன்படுத்தியவை இரண்டே இலவச நிரல்கள். படக் கோப்புக்குள் பொதிந்திருக்கும் தகவலைப் படிக்கவும் திருத்தவும் எக்ஸிஃப்டூல். படங்களைப் பார்த்துக் குறிச்சொல் போட டிஜிகேம்.

நிரலைத் திறப்பதற்கு முன்னால், இந்தப் படங்களிடம் நான் என்ன கேட்கப் போகிறேன் என்று எழுதி வைத்துக்கொண்டேன். இந்த முல்லை போன வருடம் எப்போது பூக்க ஆரம்பித்தது? இந்தப் பாத்தியில் தக்காளிக்கு முன்னால் என்ன நின்றது? மாவுப்பூச்சி முதலில் எந்தத் தொட்டியில் வந்தது? எழுதிய பிறகு பார்த்தால், ஏறக்குறைய எல்லாக் கேள்வியிலும் தேதி வேண்டும், பாதிக்கு மேல் இடம் வேண்டும். செடியின் பெயரோ பல கேள்விகளில் விடையாகத்தான் வருகிறது. செடிக்கு ஒரு கோப்புறை என்று ரோஜா, செம்பருத்தி, தக்காளி எனப் பிரித்து வைப்பதுதான் பலரும் செய்வது. ஒரே படத்தில் தக்காளியும் அதன் பக்கத்துச் சாமந்தியும் சேர்ந்து விழுந்திருந்தால் அந்த முறை அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். எனக்கு அது ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது. கோப்புறைகள் வருடத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். மற்றதெல்லாம் குறிச்சொல்லின் வேலை.

எல்லாப் படங்களையும் ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் அப்படியே கொட்டி, அதைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டேன். வேலை நடந்ததெல்லாம் அதன் நகலில். இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே கட்டளையில் பெயர் மாற்றும் துணிச்சல் எனக்கு இல்லை.

இனி தேதி. இந்த வேலையில் பாதி நேரத்தை விழுங்கியது இதுதான். கணினி காட்டும் கோப்புத் தேதியை நம்பவே கூடாது. ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தாலே அது மாறிவிடலாம். நம்ப வேண்டியது, படம் எடுக்கும்போதே கேமரா கோப்புக்குள் எழுதி வைக்கும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும் 'எடுத்த நேரம்' என்ற புலத்தை. 1995இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு வகுத்த இந்தத் தரத்தில் வெகுகாலம் நேர மண்டலத்துக்கு இடமே இல்லாமல் இருந்தது; 2016இல் வந்த 2.31 பதிப்பில்தான் அதற்கென்று ஒரு புலம் சேர்ந்தது. அதனால் பழைய படங்களில் இருப்பது அந்தக் கேமராவின் கடிகாரம் அப்போது என்ன சொன்னதோ அது மட்டும்தான்.

போன் படங்களில் சிக்கல் இல்லை. போன் தன் நேரத்தை வலையமைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பழைய கேமரா அப்படியில்லை. பேட்டரியைக் கழற்றி நாள்கணக்கில் வைத்திருந்தால் அதன் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிடும். அடுத்து எடுத்த படமெல்லாம் ஏதோ ஒரு பழைய ஜனவரி முதல் தேதியில் போய் உட்கார்ந்திருக்கும். இந்தப் படங்களைக் காப்பாற்ற வழி உண்டு. எல்லாமே ஒரே அளவுதான் தள்ளிப்போயிருக்கும் என்பதால், ஒரு படத்தின் உண்மையான நேரம் தெரிந்தால் போதும். வித்தியாசத்தைக் கணக்கிட்டு, எக்ஸிஃப்டூலில் நேரத்தைக் கூட்டும் கட்டளை ஒன்றால் மொத்தத் தொகுப்பையும் நகர்த்திவிடலாம்.

அந்த ஒரு படத்தை எங்கே தேடுவது? பிரம்மகமலம் கைகொடுத்தது. அது ஓரிரவு விரிந்து விடிவதற்குள் தொங்கிப்போகும் பூ. அந்த இரவில் கையில் கிடைத்த எல்லாக் கருவியிலும் படம் எடுத்திருப்போம் அல்லவா? கேமராவில் இருந்த பூவும் போனில் இருந்த பூவும் ஒன்றேதான் என்பதைப் பின்னால் தெரிந்த இலையின் கிழிசலை வைத்து உறுதி செய்துகொண்டு, இரண்டு நேரங்களுக்கும் உள்ள இடைவெளியை எடுத்தேன். நிமிடக் கணக்கில் கொஞ்சம் முன்பின் இருக்கும். தோட்டக் கணக்குக்கு அது பொருட்டில்லை. இப்படி நகர்த்தியது அடுத்த பேட்டரி மாற்றம் வரைக்கும்தான் செல்லும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் தேதி திடீரென்று பின்னால் குதிக்கும் இடம் தெரியும். அங்கிருந்து புதுத் தொகுப்பு, அதற்கு வேறொரு சாட்சிப் படம். சாட்சி கிடைக்காத தொகுப்பு ஒன்று இருந்தது. அதில் நட்ட நாற்றுகளின் உயரத்தைப் பார்த்து மாதத்தை மட்டும் ஊகித்துப் போட்டேன்.

செய்திச் செயலி வழியாக வந்தவை இன்னொரு ரகம். அனுப்பும்போதே எக்ஸிஃப் தகவல் உரிந்துபோய்விடுகிறது. கோப்புப் பெயரில் ஒரு தேதி இருக்கும், ஆனால் அது படம் எடுத்த நாளாக இல்லாமல் அனுப்பிய நாளாகவும் இருக்கலாம். அந்தத் தேதியையே கோப்புக்குள் எழுதி, நேரத்தை நண்பகல் 12:00:00 என்று வைத்தேன். கூடவே 'தேதி-தோராயம்' என்று ஒரு குறிச்சொல். பிற்காலத்தில் பூக்கும் காலத்தைக் கணக்குப் பார்க்கும்போது இந்தக் குறிச்சொல் உள்ள படங்களை விலக்கிவிட முடியும். தோராயம் என்பதை எழுதி வைக்காத தோராயம் கொஞ்ச நாளில் உண்மையாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

தேதி சரியானதும் பெயர் மாற்றம் ஒரே கட்டளையில் முடிந்துவிட்டது. 2021-03-14_073205 என்ற அமைப்பு: வருடம், மாதம், நாள், அப்புறம் மணி, நிமிடம், வினாடி. வருடம் முன்னால் நின்றால் எந்தக் கணினியிலும் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். ஒரே வினாடியில் இரண்டு படம் விழுந்தால் பின்னால் ஒரு எண் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். கேமரா தானாகக் கொடுக்கும் பெயரை விட்டுவைக்காததற்குக் காரணம் உண்டு. அந்த எண் 0001இல் தொடங்கி 9999 வரை போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆக ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு படங்கள் இருப்பது நிச்சயம். அவற்றை ஒரே கோப்புறைக்குள் தள்ளினால் ஒன்றை இன்னொன்று விழுங்கிவிடும்.

கோப்புப் பெயரில் செடியின் பெயரையும் சேர்க்கலாமே என்று தோன்றும். நான் சேர்க்கவில்லை. எடுத்த நேரம் மாறாது. செடியின் அடையாளம் மாறும்: விதைப் பொட்டலத்தில் ஒன்று எழுதியிருக்கும், பூத்த பிறகு வேறொன்றாக நிற்கும். ஒவ்வொரு முறையும் கோப்புப் பெயரை மாற்றிக்கொண்டிருந்தால் பேக்கப்பில் இருப்பதற்கும் கையில் இருப்பதற்கும் தொடர்பு அறுந்துபோகும். மாறாதது பெயரில், மாறக்கூடியது குறிச்சொல்லில் என்று பிரித்துக்கொண்டேன்.

எக்ஸிஃப்டூல் கோப்பைத் திருத்தும்போது, பழையதை ஒரு பின்னொட்டுடன் பக்கத்திலேயே விட்டுவைக்கும். நல்ல பழக்கம்தான், ஆனால் டிஸ்க் இடம் இரட்டிப்பாகும். சரிபார்த்த பிறகு அவற்றை நீக்கவும் அதிலேயே கட்டளை இருக்கிறது.

நகல் படங்களை நீக்குவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிஜிகேமின் ஒப்புமைத் தேடல் ஒரே மாதிரிப் படங்களைக் கூட்டிக் காட்டும். செயலியில் வந்த சிறிய நகலும் போனில் இருந்த பெரிய மூலமும் சேர்ந்து வந்தால் பெரியதை வைத்துக்கொள்ள வேண்டும். எக்ஸிஃப் இருப்பதும் பெரும்பாலும் அதில்தான்.

கழிப்பதில்தான் மனம் இழுத்தது. சாதாரணப் படத்தொகுப்பில் மங்கலானது, கோணலானது எல்லாம் குப்பைக்குப் போகும். தோட்டத் தொகுப்பில் அந்த விதி செல்லாது. கவனம் தப்பிய படத்தின் மூலையில் தெரியும் முதல் பூதான் அந்த வருடத்துப் பூப்பின் ஒரே சாட்சியாக இருக்கலாம். அழுகிய வேர், சுருண்ட இலை, பூச்சி அரித்த தண்டு எல்லாம் பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் மூன்று வருடம் கழித்துத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது அவற்றைத்தான். அழகான ரோஜா படங்கள் இருபதில் இரண்டை வைத்துக்கொண்டேன். அசிங்கமானவற்றில் பெரும்பாலும் எதையும் அழிக்கவில்லை. அழகுக்கு நட்சத்திரம், அதாவது ஐந்து நட்சத்திர மதிப்பீடு. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அடுத்து இடம். போன் படங்களில் ஜிபிஎஸ் இருக்கிறதே, அதுவே பாத்தியைச் சொல்லிவிடாதா என்று கேட்கலாம். திறந்த வானத்தின் கீழேயே போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள்தான் சரியாக இருக்கும். சுவரும் மரமும் சூழ்ந்த இடத்தில் இன்னும் மோசம். 5 மீட்டருக்குள் பல தோட்டங்களில் நான்கு பாத்தி அடங்கிவிடும். ஆக ஜிபிஎஸ்ஸை வைத்து இது நம் தோட்டமா, வேறு ஊரில் பார்த்த பூங்காவா என்று பிரிக்கலாம். அதற்கு மேல் உதவாது.

ஒரு தாளில் தோட்டத்தை வரைந்து, பாத்திக்குப் பா-1, பா-2 என்றும், சுவர் ஓரங்களுக்குத் திசைப் பெயரும், மரங்களுக்கு ம-1 என்றும் கொடுத்தேன். பாத்தியை இடித்துக் கட்டினால் பழைய எண்ணை மறுபடி பயன்படுத்தக் கூடாது, புது எண்தான். அந்தத் தாளைப் படமெடுத்து அதையும் தொகுப்பிலேயே சேர்த்துவிட்டேன். தொட்டிகள்தான் தொல்லை. வெயிலுக்கு ஒரு பக்கம், மழைக்கு ஒரு பக்கம் என்று நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் தொட்டியே ஓர் இடம் என்று வைத்து, விளிம்பில் வெயிலில் மங்காத பெயின்டால் எண் எழுதினேன். இதனால் கிடைத்த லாபம் பெரியது. தொட்டி எண்ணை முதலில் ஒரு படம், அப்புறம் செடியை வேண்டிய மட்டும். கணினியில் பார்க்கும்போது எண் படம் வந்தால், அடுத்த எண் படம் வரும் வரைக்கும் உள்ளதெல்லாம் அந்தத் தொட்டி. கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுமொத்தமாகக் குறிச்சொல் போடலாம்.

பழைய படங்களில் இந்த வசதி இல்லை. பின்னணியைத்தான் துப்பறிய வேண்டும். சுவரின் விரிசல், குழாயின் நிறம், தரையில் விழும் நிழலின் திசை. செடி போனாலும் சுவர் போவதில்லை, அதனால் பழைய படத்தில் செடியை அடையாளம் காண்பதைவிட இடத்தை அடையாளம் காண்பது எளிது. செடியைத் திரை முழுக்க நெருக்கி எடுத்த படங்களில்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போதெல்லாம் நெருக்கப் படம் எடுத்தால் இரண்டடி பின்னால் போய் இன்னொன்றும் எடுக்கிறேன்.

குறிச்சொற்கள் நான்கு வகை: இடம், செடி, பருவம், சிக்கல். டிஜிகேமில் இவற்றை மரமாக அடுக்கலாம். செடியின் கீழ் செம்பருத்தி, அதன் கீழ் அடுக்குச் செம்பருத்தி என்று. ஆனால் அந்த மர அமைப்பை எல்லா நிரலும் படிப்பதில்லை. நாளைக்கு வேறு நிரலுக்கு மாறினால் கடைசிச் சொல் மட்டும் தனியாக வந்து நிற்கும். 'மேற்கு' என்று மொட்டையாக வந்தால் எதன் மேற்கு என்று யாருக்குத் தெரியும்? அதனால் தனியாக நின்றாலும் பொருள் புரியும்படி 'மேற்குச் சுவர்' என்றே எழுதினேன். குறிச்சொற்கள் படத்துக்குள்ளேயும் எழுதப்பட வேண்டும். டிஜிகேமை முதல் தடவை திறக்கும்போதே இதைக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உழைப்பெல்லாம் அதன் தரவுத்தளத்தில் மட்டும் கிடக்கும்.

தமிழில் குறிச்சொல் போடுபவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பட்டியலில் 'கொய்யா' இரண்டு தடவை வந்து நின்றது. எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றதன் படங்கள் வரவில்லை. காரணம், எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் தரமான யூனிகோடில் இருக்கிறது. 'கொ'வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் சொன்னாலும், சில நிரல்கள் அதைச் சமன்படுத்தாமல் அப்படியே ஒப்பிடுகின்றன. போன் விசைப்பலகை ஒன்றை எழுதும், கணினி இன்னொன்றை எழுதலாம். கொத்தவரை, கோவைக்காய், தொட்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அதனுடன் இணைத்தேன். அதன் பிறகு புதிதாகத் தட்டச்சு செய்வதே இல்லை, இருக்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது மட்டும்தான். கோப்புப் பெயரை வெறும் எண்ணாக வைத்ததற்கும் இது இன்னொரு காரணம். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை, பெயரில் வரும் இந்தக் குறியை இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். மற்ற இடங்களில் அப்படியில்லை.

இரண்டாவது, நீளம். படத்துக்குள் குறிச்சொல்லை எழுதும் பழைய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்டுதான் இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டு வேண்டும், புள்ளியும் கொம்பும் உட்பட. 'அடுக்கு வெள்ளைச் செம்பருத்தி' என்று எழுதினால் 80 பைட்டு, நடுவில் வெட்டுப்படும். அடோபி 2001இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி முறையில் இந்த வரம்பு இல்லை. தமிழுக்கு அதுதான் சரி, பழையதில் எழுத வேண்டிய தேவையே வரவில்லை.

பருவத்துக்கு எத்தனை சொல் வைப்பது என்பதில் கொஞ்சம் தடுமாற்றம். பயிர் ஆய்வாளர்கள், வளர்ச்சிப் பருவங்களை எண்ணால் குறிக்க, பிபிசிஎச் என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். முளைப்பது 0, மஞ்சரி தோன்றுவது 5, பூப்பது 6, காய்ப்பது 7, பழுப்பது 8 என்று போகும். அதற்குள்ளும் பத்து உட்பிரிவு. நமக்குத்தான் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு இருக்கிறதே என்று ஆசையாக எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்தேன். ஒரு மல்லிகைப் படத்தை வைத்துக்கொண்டு இது மொட்டா முகையா என்று யோசித்தே பொழுது போனது. கடைசியில் மொட்டு, பூ, பிஞ்சு, காய், பழம், விதை என்று ஆறு. முன்னால் எண்ணைச் சேர்த்தால் அகரவரிசையில் கலையாமல் பருவ வரிசையிலேயே நிற்கும். அந்த யோசனை மட்டும் பிபிசிஎச்சிடம் கடன் வாங்கியது.

சிக்கல் வகையில், காரணம் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மாவுப்பூச்சி, அசுவினி, சாம்பல் நோய் என்று பெயர் போடுகிறேன். தெரியாவிட்டால் கண்ணுக்குத் தெரிவது மட்டும்: 'இலை மஞ்சள்', 'இலைச் சுருள்', 'புள்ளி'. இலை மஞ்சளாவதற்குத் தண்ணீர் கூடியதும் காரணமாகலாம், சத்துக் குறைவும் ஆகலாம். அறிகுறியை எழுதி வைத்தால் காரணத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, போன் கேமரா வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் தானாகவே மாற்றிக்கொள்வதால் நிழலில் எடுத்த பச்சையும் வெயிலில் எடுத்த பச்சையும் ஒன்றாக இருக்காது. இலை நிறத்தை ஒப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருப்பது நல்லது.

கடைசியாகத்தான் செடிகளின் பெயர். தெரிந்தவற்றுக்கு நாம் அழைக்கும் பெயரையே குறிச்சொல்லாக வைத்து, அறிவியல் பெயரைத் தலைப்பு விளக்கத்தில் எழுதினேன். அதிலும் நிலையாமை உண்டு. ரோஸ்மேரிக்குத் தனிப் பேரினம் இருந்தது. 2017இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு சால்வியாவுக்குள் போய்விட்டது. ஸ்நேக் பிளான்ட் சான்செவீரியாவாக இருந்தது இப்போது டிரசீனா. கியூ தாவரவியல் தோட்டத்தின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் பழைய பெயரைத் தேடினால் இப்போது ஏற்கப்பட்ட பெயருக்குக் கொண்டுபோகும். பழையதையும் விளக்கத்தில் விட்டுவைத்தேன், தேடலில் அகப்படட்டும் என்று.

தெரியாதவற்றுக்கு, படத்தைப் பார்த்துச் செடியின் பெயரைச் சொல்லும் செயலிகளான பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டையும் கேட்டுப் பார்த்தேன். பூ தெரியும் படங்களில் பெரும்பாலும் உருப்படியான விடை கிடைத்தது. இலை மட்டும் உள்ளவற்றில் ஆளுக்கொன்று சொல்லின. ஐநேச்சுரலிஸ்டில் போடும்போது வளர்ப்புச் செடி என்று குறிப்பிட வேண்டும், அங்கே முக்கியத்துவம் தானாக முளைத்தவற்றுக்குத்தான். செயலி சொன்னதை அப்படியே ஏற்காமல் 'பெயர்-ஊகம்' என்ற குறிச்சொல்லையும் சேர்த்தேன். பூ, இலையின் முதுகு, தண்டில் இலை சேரும் கணு ஆகிய மூன்றும் கிடைத்து, விவரிப்போடு ஒத்துப்போனால் அதை எடுத்துவிடுவேன்.

பேக்கப் மூன்று நகல்: கணினியில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. யாருக்காவது படத்தை மூலமாகவே அனுப்பும்போது ஜிபிஎஸ் தகவலை மட்டும் நீக்கிவிடுகிறேன். வீடு இருக்கும் இடத்தைப் பூவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் ஒரு வருடக் கோப்புறையை வேறொரு கணினிக்குக் கொண்டுபோய், டிஜிகேம் இல்லாமல் வேறு நிரலில் திறந்து தேடிப் பார்த்தேன். கொய்யா வந்தது, பா-3 வந்தது. மர அமைப்பு மட்டும் எதிர்பார்த்தபடி தட்டையாகிவிட்டது.

மிச்சம் இருப்பது வீடியோக்கள். எம்பி4 கோப்பில் நேரத்தை உலகப் பொது நேரமாக எழுத வேண்டும் என்பது விதி. போன் அதைப் பின்பற்றுகிறது, பழைய கேமரா உள்ளூர் நேரத்தையே எழுதி வைத்திருக்கிறது. அதனால் ஒரே காலையில் எடுத்த படமும் வீடியோவும் பல மணி நேரம் விலகி நிற்கின்றன. எந்தக் கருவி எதை எழுதுகிறது என்று பிரித்த பிறகுதான் அவற்றில் கை வைக்க வேண்டும். அதுவரை தனிக் கோப்புறையில், பழைய பெயரிலேயே கிடக்கின்றன.